மெரில் வண்டிகளைக் கிளப்பப் போன நேரத்தில்

வாங்க வந்தவர் "அப்ப வர்றேன்" என்று கதவை நோக்கி நடக்கும்போது எந்த இடத்தில் கூப்பிடுவது என்பதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. மேசையைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டால் நமக்கு அவசரம் என்று தெரிந்துவிடும். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு கூப்பிட்டால் அவருக்கு ரோஷம் வந்துவிடும். என் அப்பா குதிரை விற்ற காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த இடைவெளியை வைத்துத்தான். குதிரை போய் டிராக்டர் வந்தது, அப்பா போய் நான் வந்தேன். அயோவாவில் ஹார்லோ மில்ஸ் என்ற எங்கள் ஊரில், பழைய டிராக்டரோ பழைய டிரக்கோ வேண்டும் என்றால் லைல் பாஸ்க்கிடம் போ என்பார்கள். அந்த லைல் பாஸ்க் நான்தான்.

இந்தக் கணக்கு என் வாழ்நாளில் ஒரே ஒரு ஆளிடம் தப்பியது. ரோவீனா கிளிங் என்று பெயர். அவள் கதவை நோக்கி நடக்கவே இல்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம், சோள அறுவடை முடிந்த சமயம். என் கொட்டகைக்குப் பின்னால் பள்ளிக்கூடத்தார் கழித்துக் கட்டிய மஞ்சள் பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாக முளைத்திருந்த தகரக் கூரை போட்ட கிறிஸ்தவச் சபைக்கு அது வேண்டும் என்று வந்தாள். கூடவே ஐந்து பிள்ளைகள். புருஷன் டேரல் பால் டேங்கர் ஓட்டுகிறவன். இவள் வீடு வீடாகப் பெண்களைக் கூட்டி, காப்பி கொடுத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களை விற்கிறவள். நான் ஒரு விலை சொன்னேன். அவள் ஒரு விலை சொன்னாள். பிறகு வாயைத் திறக்கவில்லை. என் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். மற்ற வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். நான் வெளியே இருந்தபோது போன் அடித்திருக்கிறது. அவளே எடுத்து, கலப்பை இருக்கிறது வாருங்கள் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறாள். அந்த ஆள் வந்து வாங்கியும் போனான்.

கடை அடைக்கிற நேரத்துக்கு நான் அவள் விலைக்கு இறங்கினேன். அப்போதும் எழுந்திருக்கவில்லை.

"பேட்டரி பழசா இருக்கே, மிஸ்டர் பாஸ்க். பனியில பாதி வழியில நின்னுட்டா புள்ளைங்க என்ன பண்ணும்?"

"ஏம்மா, நான் பஸ்ஸ விக்கிறேனா, தர்மம் பண்றேனா?"

"சபைக்குத்தானே. ரெண்டும் ஒண்ணுதான்."

புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். குளிரில் எஞ்சின் உறைந்து போகாமல் மின்சாரத்தில் சூடாக வைத்திருக்கும் கருவி ஒன்றும் மாட்டிக் கொடுத்தேன். அவர்கள் போனதும் என் மனைவி லவோன் உள்ளே வந்து, இன்று யார் யாருக்கு விற்றது என்று கேட்டாள். 

இனி கட்சி விஷயம். எங்கள் பக்கத்தில் கட்சி என்பது டிராக்டரின் நிறம் மாதிரி. அப்பா எதை ஓட்டினாரோ அதையே பிள்ளையும் ஓட்டுவான். நாங்கள் குடியரசுக் கட்சி. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வரி கூடாது, அரசாங்கம் கடன் வாங்கக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது. எங்கள் கொள்கை அவ்வளவுதான். எங்கள் வட்டத்துக்குச் செயலாளர் மெரில் ஹோக். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடன் இல்லை என்று சொல்வதைக்கூட, கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போகும்படி சொல்லுவார்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஜனவரியில் வட்டக் கூட்டம் அவர் வீட்டுக் கூடத்தில் நடக்கும். அவர் மனைவி கோரின் இருந்த காலத்தில் அந்த வீடு வாரம் முழுக்க ஆள் நிறைந்து கிடக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்று மாநிலச் சட்டத்தில் எழுதியாக வேண்டும் என்று, எங்கள் கட்சிப் பெண்களையே திரட்டிக்கொண்டு கதவு கதவாகத் தட்டியவள் கோரின். என் லவோனும் அவளோடு அலைந்தாள். கோரின் புற்றுநோயில் போன பிறகு அந்த வீட்டில் சத்தம் போடுவது சுவர்க் கடிகாரம் மட்டும்தான்.

மெரிலுக்கு ஒரே ஒரு ஆசை மிச்சம் இருந்தது. எண்பதாம் வருஷம் கோடையில் டெட்ராய்ட்டில் நடக்கிற அகில நாட்டு மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போக வேண்டும். அதற்கு முதல் படி வட்டக் கூட்டம். இங்கே தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் மாவட்டத்துக்குப் போவார்கள், அங்கிருந்து சிலர் மாநிலத்துக்கு, அங்கிருந்து சிலர் டெட்ராய்ட்டுக்கு. முதல் படியில் கால் வைக்காதவன் மேலே ஏற முடியாது. மாநிலத்துப் பெரியவர்கள் எல்லாம் மெரிலுக்கு வேண்டியவர்கள். "நீ கீழேயிருந்து வந்து சேரு, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லியிருந்தார்கள். அவர் வெள்ளை வைக்கோல் தொப்பி ஒன்று வாங்கி, பெட்டியோடு கூடத்து அலமாரி மேல் வைத்திருந்தார். என்றைக்காவது போனால் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், அப்போதுதான் டி.வி.யில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே உங்களைக் கண்டுபிடிக்க முடியும் என்று கோரின் சொல்லிக்கொண்டிருப்பாளாம்.

அந்த ஜனவரியில் மூச்சு விட்டால் மீசையில் பனி ஒட்டும் குளிர். கூட்டத்துக்கு ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார் மெரில். பழைய ஆட்கள் நாங்கள் ஒவ்வொருவராக வந்து கோட்டுகளைக் கட்டில்மேல் குவித்துவிட்டு, லவோன் சுட்ட ஆப்பிள் பை பலகாரம் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது தெருவில் ஒரு மஞ்சள் வெளிச்சம் திரும்பியது. நான் விற்ற பஸ்.

இருபது பேருக்கு மேல் இறங்கினார்கள். ஒவ்வொருவர் கக்கத்திலும் சபையின் மடக்கு நாற்காலி ஒன்று. முன்பின் கட்சிப் பக்கம் தலை காட்டாதவர்கள். கோழிப் பண்ணைக்காரர், சலூன்காரரின் மனைவி, வெல்டிங் பட்டறைக்காரர், மீதிப் பேர் டப்பா வாங்குகிற பெண்கள். வாராவாரம் ஏறுகிற விலைவாசி ஒரு கோபம், ஈரானில் பிடித்து வைத்திருக்கும் நம் ஆட்கள் ஒரு கோபம், பள்ளிக்கூடத்திலிருந்து ஜெபத்தை எடுத்துவிட்டார்கள் என்பது எல்லாவற்றுக்கும் பெரிய கோபம். ஆனால் ஒருவர்கூடக் குரல் உயர்த்தவில்லை. காலணியை வாசலிலேயே கழற்றி வைத்தார்கள். ரோவீனா நேராகச் சமையலறைக்குப் போய், கழுவாமல் கிடந்த கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

மெரிலின் முகம் மலர்ந்துவிட்டது. வீடு நிறைந்துவிட்டதே, அந்தச் சந்தோஷம். என் காதருகே வந்து, "பாத்தியா லைல், கட்சி வளருது" என்றார்.

முதலில் மாதிரி ஓட்டு. ஜனாதிபதி வேட்பாளராக யார் வேண்டும் என்று சீட்டில் எழுதி, காப்பிப் பொடி டப்பாவில் போட வேண்டும். நாங்கள் எல்லாரும் கிழக்குச் சீமையிலிருந்து வந்த, நல்ல பழக்கவழக்கமுள்ள ஒருவர் பக்கம். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் கலிபோர்னியாக்காரர் பக்கம். எண்ணிப் பார்த்ததில் எங்கள் ஆள் கொஞ்சம் முன்னால். கைதட்டினோம். அவர்களும் மரியாதைக்குக் கைதட்டினார்கள். வியாபாரம் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் விலைதான் பேசியிருந்தோம், அவ்வளவுதான். சரக்கு இன்னும் கடையைவிட்டு நகரவில்லை. அதை நான் மறந்தேன் என்பதுதான் இத்தனை வருஷத் தொழிலுக்கு ஒரு களங்கம்.

எங்கள் ஆட்கள் கோட்டுகளைத் தேட ஆரம்பித்தார்கள். டி.வி.யில் கூடைப்பந்து ஆட்டம் இருந்தது, கன்று போடும் மாடு இருந்தது, குளிர் வேறு. மெரில் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலக் கூட்டம் முடிந்தால் பெண்களும் வயசானவர்களும் சூடான வண்டியில் ஏற வேண்டும் என்று, வீட்டுக்காரரே வெளியே போய் ஒவ்வொரு வண்டியாகக் கிளப்பிவிட்டு வருவார். சாவிகளை ஒரு தட்டில் வாங்கிக்கொண்டு அவர் புறப்பட்டபோது ரோவீனா ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"இதுக்கப்புறம் என்ன வேலை இருக்கு, மிஸ்டர் ஹோக்?"

"மாவட்டக் கூட்டத்துக்கு அஞ்சு பேரை அனுப்பணும்மா. சும்மா பேருக்குத்தான். யாரும் வரமாட்டாங்க, கெஞ்சிக் கூத்தாடித்தான் ஆள் பிடிப்பேன்."

"நாங்க வர்றோமே."

"அடடா, ரொம்ப சந்தோஷம். லவோன் நடத்துவா, நீங்க ஆரம்பிங்க. நான் வண்டியெல்லாம் கிளப்பிவிட்டு வந்துர்றேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த வீட்டில் எத்தனை ஜனவரியாக அந்த ஐந்து பெயர்களை நிரப்ப மெரில் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒருமுறை, வர முடியாது என்று சொல்லிவிட்ட, சாகக் கிடந்த ஆளின் பெயரைக்கூட எழுதினார். அந்த வேலையை இவர்கள் தாங்களாகவே ஏற்றுக்கொள்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் நிம்மதியாக இருக்காது?

நான் பேட்டரி வயரை எடுத்துக்கொண்டு கூடவே போனேன். ஒரு வண்டி முனகியது, ஒரு வண்டி இருமியது, இரண்டு வண்டிகள் வாயே திறக்கவில்லை. மெரில் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டே டெட்ராய்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஓட்டல் அறை பற்றி விசாரித்துவிட்டாராம். ஜூலையில் வைக்கோல் தொப்பி கனமாக இருக்காதே என்று கேட்டார். இருக்காது என்றேன். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சூடான வண்டியில் ஏறி, மெரிலின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

கடைசி வண்டியும் போன பிறகுதான் பஸ்ஸைக் கவனித்தேன். அதன் மூக்கிலிருந்து ஒரு கம்பி இறங்கி, பனியின் மேல் ஊர்ந்து, மெரில் வீட்டுக் கார்க் கொட்டகைச் சுவரில் சொருகியிருந்தது. மேல் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. நான் மாட்டிக் கொடுத்த கருவி, மெரில் வீட்டு மின்சாரம். இவர்களுக்கு வண்டி பற்றிக் கவலை இல்லை. விடியும்வரைகூட உட்காரலாம்.

பஸ்ஸில் வந்தவர்களில் யாருமே கதவை நோக்கி நடக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "மெரில், உள்ள வா" என்றேன்.

உள்ளே எல்லாம் முடிந்திருந்தது. கூட்டம் நடத்துகிறவர் மேசையில் தட்டும் மரச் சுத்தியலோடு லவோன் நின்றிருந்தாள். மெரிலின் பெயரை அவள் முன்மொழிந்திருக்கிறாள். கை தூக்கியது அவளும் காது கேட்காத ஒரு பெரியவரும் மட்டும். ஐந்து இடமும் மடக்கு நாற்காலிக்காரர்களுக்கு. வட்டச் செயலாளர் பதவியும் ரோவீனாவுக்கு.

"நீ வித்த பஸ்ஸு, நீ போட்ட பேட்டரி" என்றாள் லவோன் என்னிடம். 

மெரில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளே வந்தால் அது மங்கிப்போகும், அதனால்தான் துடைக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். புருவத்தில் ஒட்டியிருந்த பனி உருகி வழிந்தது. தேர்வானவர்களுக்கு ஒவ்வொருவராகக் கைகொடுத்தார். பிறகு அலமாரி மேல் இருந்த தொப்பிப் பெட்டியைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். ரோவீனா அதைக் கவனித்துவிட்டாள். டப்பா விற்கிறவள், யார் கண் எங்கே போகிறது என்று பார்க்காமல் இருப்பாளா.

லவோனிடம் அவள் மெதுவாக விசாரிக்க, டெட்ராய்ட் கதையை லவோன் சொல்லிவிட்டாள். ரோவீனாவின் முகம் மாறியது. "யாரும் வரமாட்டாங்கன்னுதானே சொன்னாரு" என்றாள். சூது செய்தவள் முகம் எனக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை.

பேரம் என் ரத்தத்தில் இருப்பது, விட முடியுமா? அவளைச் சமையலறைக்கு அழைத்து, ஒரு இடம் விட்டுக்கொடுக்க என்ன வேண்டும் என்று நேராகக் கேட்டேன். அவள் யோசித்தாள். கோழிப் பண்ணைக்காரர் விட்டுக்கொடுப்பார் என்றாள். ஆனால் மாவட்டத்தில் அவர்கள் இரண்டு தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஜெபம் திரும்ப வர வேண்டும் என்பது ஒன்று. கோரின் தெருத்தெருவாக அலைந்தாளே, அந்தச் சம உரிமைச் சட்டம் கூடாது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் மெரில் கை தூக்க வேண்டும்.

அவள் கேட்டது நியாயமான விலைதான். அவள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் கூடக் கேட்டிருப்பேன். கூடத்துக்கு வந்து மெரிலிடம் சொன்னேன். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபத்துக்கு அவர் தோளைக் குலுக்கினார். 

"ஜெபத்துக்கு எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. ரெண்டாவது முடியாது. நாளைக்கு நான் மேல போனா கோரின் எனக்கு ஒரு வாய் காப்பி தரமாட்டா."

ரோவீனா வற்புறுத்தவில்லை. "அப்ப விலை படியல" என்றாள் தாழ்ந்த குரலில். நாற்காலிகளை மடக்கினார்கள், கூடத்தைப் பெருக்கினார்கள், மீதி ஆப்பிள் பையை மூடி போட்ட டப்பாவில் வைத்து மெரிலுக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். பஸ் ஒரே திருகலில் கிளம்பியது.

மெரில் அதற்குப் பிறகு எங்கள் ஊர் ஓட்டலுக்குக் காலைக் காப்பிக்கு வருவதை நிறுத்திவிட்டார். ரோவீனா ஏறிக்கொண்டே போனாள். மாவட்டக் கூட்டத்தில் பெரிய மனிதர்கள் சாப்பிடப் போனபோது அவள் ஆட்கள் டப்பாவிலிருந்து சாண்ட்விச் எடுத்துத் தின்றுகொண்டு இடத்தைவிட்டு அசையாமல் இருந்தார்களாம். மாநிலக் கூட்டத்திலும் அதே டப்பா, அதே சாண்ட்விச். மாநிலம் முழுக்க இவளைப் போல ஆட்கள் இருந்திருக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒரு பஸ்ஸோடு. ஜூன் மாதம் செய்தி வந்தது, பால் டேங்கர்காரன் பெண்டாட்டி டெட்ராய்ட் போகிறாள் என்று. யாராவது வராவிட்டால் அவர் இடத்தில் உட்காரும் மாற்றுப் பிரதிநிதி. கூடவே இன்னொரு செய்தி. மெரில் வீட்டுக் கூடம் இனிப் போதாது, வட்டக் கூட்டத்தைத் தகரக் கூரைச் சபை மண்டபத்துக்கு மாற்றப் போகிறார்கள்.

மறுநாள் காலை மெரில் என் கொட்டகைக்கு வந்தார். கையில் தொப்பிப் பெட்டி.

"ஒரு பேரம் பேசணும். கூட வா. ஆனா நீ வாயைத் திறக்கக் கூடாது."

நாங்கள் போனபோது ரோவீனா வீட்டில் டப்பா விற்பனை நடந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் மடியில் மூடிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மெரில் எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து தொப்பியை மேசைமேல் வைத்தார். இதை டெட்ராய்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போ, கூட்டத்தில் நீ எங்கே நிற்கிறாய் என்று டி.வி.யில் நாங்கள் பார்க்க வேண்டாமா என்றார். ரோவீனா தொப்பியைத் தொடவில்லை. என்ன விலை என்று கேட்டாள்.

"வட்டக் கூட்டம் என் வீட்டுலதான் நடக்கணும். எப்பவும்."

"உங்க கூடத்துல இடம் இல்லையே, மிஸ்டர் ஹோக். போன தடவையே கொண்டுவந்த நாற்காலியை விரிக்க இடமில்லாம பாதிப் பேர் நின்னாங்க."

மெரில் கோட்டின் பொத்தானைக் கழற்றி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ரோவீனா மூடிகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். ஒரு பெண் விடைபெற்றுப் போனாள். இன்னொருத்தி போனாள். கடைசிப் பிள்ளை வந்து மெரிலின் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. அவர் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் இந்தத் தொழிலில் பார்க்காத பேரம் இல்லை. இரண்டு பேருமே எழுந்திருக்காத பேரத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிள்ளை மடியிலேயே தூங்கிப் போனது. ரோவீனா சிரித்துவிட்டாள்.

"இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்க வீட்டுக் கூடத்துலதாம்மா" என்றார் மெரில்.

நடுச் சுவரை இடித்துப் பக்கத்து அறையையும் சேர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. வெல்டிங் பட்டறைக்காரர் வேலை செய்வார், கூலி லவோனின் ஆப்பிள் பை. எங்களைக் கேட்காமலே மெரில் எங்களையும் பேரத்தில் சேர்த்துவிட்டார். கிளம்பும்போது ரோவீனா ஒரு அடுக்கு டப்பாவை அவர் தலையில் கட்டினாள். அதற்குப் பணம் வாங்கிக்கொண்டாள்.

ஜூலையில் மாநாடு. சுவர் இடித்த தூசு இன்னும் அடங்காத மெரில் வீட்டுக் கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. டேரலும் ஐந்து பிள்ளைகளும் முன்வரிசையில். மஞ்சள் பஸ் ஆட்கள் ஒரு பக்கம், எங்கள் பழைய ஆட்கள் ஒரு பக்கம். சிறிது நேரத்தில் ஆப்பிள் பை சுற்றி வர வர எந்தப் பக்கம் யார் என்றே தெரியாமல் போனது. லவோன் மட்டும் சம உரிமைச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு, நவம்பரில் அந்தச் சட்டம் வேண்டுமா என்று மாநிலமே போடப்போகிற ஓட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று கோழிப் பண்ணைக்காரரை முறைத்தபடியே அவர் தட்டில் இரண்டாவது துண்டை வைத்தாள்.

டி.வி.யில் அயோவா என்ற பலகை தெரிந்தது. எல்லாரும் முன்னால் சாய்ந்தோம். பார்த்தால் அங்கே நிற்கிறவர்களில் பாதிப் பேர் தலையில் வெள்ளை வைக்கோல் தொப்பி. பக்கத்து மாநிலத்திலும் வெள்ளைத் தொப்பி. அதற்குப் பின்னாலும். நாடு முழுக்க எத்தனை பெண்டாட்டிகள் புருஷனிடம் அந்த யோசனையைச் சொல்லியிருந்தார்களோ. டேரல் ஒரு தொப்பியைக் காட்டினான். மூத்த பெண் வேறொன்றைக் காட்டினாள். பிள்ளைகளுக்குள் சண்டையே வந்துவிட்டது. மெரில் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, ஒரு மூலையில் பட்டாணி அளவுக்குத் தெரிந்த ஒரு தொப்பியின் மேல் விரலை வைத்தார்.

"இதோ."

எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. டெட்ராய்ட்டிலிருந்து ரோவீனா. பின்னால் ஒரே இரைச்சல். டேரல் பேசி, பிள்ளைகள் பேசி முடித்ததும் போன் மெரிலிடம் வந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

"தெரிஞ்சேனா, மிஸ்டர் ஹோக்?"

"நல்லா தெரிஞ்சம்மா. கோரின் சொன்ன மாதிரியே."

போனை வைத்துவிட்டு வந்து, தூங்கிக்கொண்டிருந்த கடைசிப் பிள்ளையைச் சோபாவில் நகர்த்திப் படுக்க வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டம், பாட்டு, பலூன் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. நேரமாச்சு, கிளம்பலாமா என்று லவோன் கேட்டாள். யாரும் அசையவில்லை. பழக்க தோஷத்தில் மெரிலின் கை சாவித் தட்டை நோக்கிப் போனது.

ஜூலை மாதம். எந்த வண்டியையும் சூடாக்க வேண்டியதில்லை. கையை இழுத்துக்கொண்டு, இன்னொரு துண்டு பை இருக்கிறதா என்று கேட்டார்.